எட்டு நிமிட விசிறி

பதினெட்டு லட்சம் துக்ரிக்.
அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று
கையுறைக்குள் இருந்த விரல்களுக்கும்
சொல்லி வைத்திருந்தேன்.

கடையில் ஒன்று, வெள்ளித் தாள் போல மெலிசு.
ராம் எட்டு ஜிபி, பலகையோடு பற்றவைத்தது.
"பிறகு கூட்டிக்கொள்ளலாமா?"
"அதன் தலையில் எழுதினது அவ்வளவுதான் அக்கா."
இன்னொன்று ஏழு வண்ண விளக்கு போட்டு ஆடியது.
கிராபிக்ஸ் கார்டு மட்டும் கிழடு.
பட்டுக் குஞ்சம் கட்டிய நொண்டிக் குதிரை.

கடைசியில் தொகல்தூரிடம் வாங்கினேன்,
பேருந்து நிறுத்தத்தில், மைனஸ் இருபத்தெட்டில்.
தடித்த கறுப்பு உடம்பு.
டபிள்யூ விசை வழுக்கை:
நான்கு வருடம் இந்த மனிதன்
முன்னால் மட்டுமே போயிருக்கிறான்.
"ஏன் விற்கிறீர்கள்?"
"குழந்தை பிறந்திருக்கிறது" என்றான்,
பணத்தை எண்ணாமலே.
"அடியில் ராமுக்கு இரண்டு இடம். ஒன்று காலி."
அந்தக் காலிக்காகத்தான் வாங்கினேன்.

கோட்டுக்குள் அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
குளிரில் கிடந்ததை உடனே எழுப்பக் கூடாது,
உள்ளே வியர்த்துவிடும்.
மேசைமேல் மூன்று மணி நேரம்
பேசத் தொடங்காத விருந்தாளி போல் அது,
எதிரே உப்புத் தேநீரோடு நான்.

நான்காம் அனல் நிலையத்தில் இரவு முறை எனக்கு.
உலான்பாத்தருக்குப் போகும் வெந்நீர்
எத்தனை டிகிரி என்று
பன்னிரண்டு மணி நேரம் முள்ளைப் பார்ப்பது.
வீட்டுக்கு வந்தும் அதே பிழைப்பு:
திரை மூலையில் தொண்ணூற்று நான்கு.
நிலையத்தில் என்றால் சைரன் அலறியிருக்கும்.
இங்கே விசிறி மட்டும்
கேட்பாரற்று ஊளையிட்டது.

சம்பள வாரத்தில் பதினாறு ஜிபி குச்சி ஒன்றும்
வெப்பப் பசை ஒரு குழலும்.
எங்கள் ஊர்க் குளிர்காலக் காற்று எலும்பாய்க் காய்ந்தது.
பூனையைத் தொட்டால் பொறி, தாழ்ப்பாளைத் தொட்டால் பொறி.
ஒரு பொறி போதும், சில்லு செத்துப்போகும்.
அதனால் முதலில்
பெயின்ட் உரிந்த இடமாகப் பார்த்து
ரேடியேட்டர் குழாயைப் பிடித்தேன்.
உள்ளே ஓடியது
நேற்றிரவு நான் பார்த்து அனுப்பிய தண்ணீர்.
சுட்டது. எழுபது இருக்கும், சரிதான்.

பதினொரு திருகுக்கான துளை. இருந்தது பத்து.
தொகல்தூரின் நான்கு வருடம்
சாம்பல் கம்பளியாய் விசிறியில் சுற்றிக் கிடந்தது.
பழைய பல் பிரஷால் எடுத்தேன்.
காய்ந்த பசையைச் சுரண்டி
புதிதை ஒரு பட்டாணி அளவு வைத்தேன்.
குச்சியைச் சாய்த்துச் செருகினேன். டக்.

இயக்கினேன். இருட்டு.
ஒரு நிமிடம். இருட்டு.
அந்தக் கறுப்புக் கண்ணாடியில்
பதினெட்டு லட்சத்தின் முகம் தெரிந்தது,
என் முகம்தான்.
கழற்றினேன். ஊதினேன்.
கொஞ்சம் துணிந்தே அழுத்தினேன்.
டக்.
முன்பு கேட்டது டக் இல்லை என்று
அப்போதுதான் தெரிந்தது.

எழுபத்தொன்று டிகிரி.
முப்பதில் திணறிய காட்சி அறுபதில் ஓடியது.
விசிறியா? காதை வைத்தால் கேட்கும்.

நள்ளிரவில் தொகல்தூரின் செய்தி:
"சொலோங்கோ அக்கா, தப்பாக நினைக்காதீர்கள்.
அந்த விசிறி இன்னும் ஊளையிடுகிறதா?
பாப்பா அதன் பக்கத்தில் தூங்கிப் பழகியவள்.
மூன்று வாரமாய் இங்கே யாரும் தூங்கவில்லை.
பதிவு செய்து அனுப்புவீர்களா?"

ஊளையைத்தான் துலக்கி எறிந்துவிட்டேனே.

எல்லா அமைப்பையும் உச்சத்துக்கு ஏற்றினேன்,
நிழல், புகை, நீர்,
ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக.
காற்று வெளியேறும் வாயை
மப்ளரைச் சுருட்டிப் பாதி அடைத்தேன்.
நிலையத்தில் யாராவது இதைச் செய்திருந்தால்
நானே புகார் எழுதியிருப்பேன்.

எழுபத்தெட்டு.
எண்பத்தைந்து.
தொண்ணூற்றொன்றில் முனகத் தொடங்கி
மெல்லப் பழைய சுருதிக்கு வந்தது.
போனை அருகில் வைத்துவிட்டு
மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன்.
எட்டு நிமிடம்.
நடுவில் பூனை ஒருமுறை தும்மியது.
வெட்டாமல் அனுப்பினேன்.