மூன்றாம் தரம்

விடிகாலை, கிரிம்ஸ்பி மீன்சந்தை.
ஐஸ் அள்ளிக் கொட்டிய பெட்டிகளுக்கு நடுவே நின்று
ஏலம் கூறுவது என் தொழில்.
காட், ஹாடக், தட்டைமீன்.
ஒரு புருவம் அசைந்தால் விலை ஏறும்.
மூக்கைச் சொறிந்த பாவத்துக்கு
நாற்பது கிலோ வாங்கிப்போனவனும் உண்டு.

அதனால்தான் லீட்ஸில், அந்த ஆறாம் மாடியில்,
நடப்பது என்னவென்று
லோர்னாவுக்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

இந்த அறையில் நாங்கள்.
நடைவழிக்கு அந்தப்புறம் மருத்துவமனையின் ஆட்கள்.
வக்கீல்கள் மட்டும் காகிதத்தோடு போய்ப் போய் வந்தார்கள்.

பிழையை அவர்கள் போன வருஷமே ஒப்புக்கொண்டாயிற்று.
அந்த நீளக் காகிதச்சுருள் எல்லாம் சொல்லிவிட்டது:
வயிற்றுக்குள் துடித்த இதயத்தின் கோடு
மூன்று முப்பத்தாறுக்குச் சரிகிறது.
நான்கு பத்தொன்பதுவரை அதை யாரும் பார்க்கவில்லை.
பிரசவ அறைகள் மூன்று, செவிலி ஒருத்தி.
மறுநாள் வாசல்வரை வந்து நின்றாள், மோய்ரா என்று பெயர்.
பேசக் கூடாதென்று மேலிடத்து உத்தரவாம்.
வெறுக்கப் பார்த்தேன்.
பாதிதான் முடிந்தது.

நாற்பத்து மூன்று நிமிடம்.
ஒரு பெட்டி விற்க எனக்கு ஒன்பது வினாடி.
இருநூற்றெண்பத்தாறு பெட்டி விற்றிருப்பேன்.
தூக்கம் வராத ராத்திரிகளில் போட்ட கணக்கு.

டாக்டர் ஓயெலாமி காபிக் கோப்பையின் மேல் வரைந்து காட்டினார்:
காயம் ஒரே முறைதான் பட்டது, இனிப் பெருகாது.
ஆனால் பிள்ளை வளருமே,
அந்தக் காயத்தைச் சுற்றி.
கையே நீள் என்று மூளை சொன்னால்
கழுத்து திரும்பிக்கொள்ளும்.
கழுத்தைக் கேட்டால் முதுகு வில்லாகும்.
கடிதம் போகிறது, வீடு மாறிப் போகிறது.

பிரையனிக்கு ஏழு வயது.
விளங்காதது என்று அவளுக்கு எதுவுமில்லை.
திரையில் எழுத்தைக் கண்ணால் தொடுவாள், கருவி பேசும்.
முதன்முதல் தொட்ட சொல் ‘போ’.
என்னைத்தான்.

வருஷத்துக்கு இவ்வளவு என்று முடிந்திருந்தது.
இரவில் புரட்டிப் படுக்கவைக்கும் ஆள்,
நாற்காலி, அகலக் கதவு வைத்த வீடு.
மிச்சம் ஒரே கேள்வி: எத்தனை வருஷம்?

இருபத்தொன்பது, என்றார் அவர்களுடைய நிபுணர்.
நாற்பத்தேழு, என்றார் எங்களவர்.
என் மகளை நெடுநாள் வாழவைக்க
எங்கள் வக்கீல் தொண்டை வற்றப் பேசினார்.
அவள் சீக்கிரம் போய்விடுவாள் என்று
ஆதாரம் அடுக்கினார் எதிர் வக்கீல்.
நல்ல மனுஷர்தான். காலையில் எனக்காக
லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்.

முப்பத்து மூன்று.
நாற்பத்திரண்டு.
தேநீர் ஆறி ஆடை படர்ந்தது.
முப்பத்தாறு.
முப்பத்தெட்டு.

ஒரு தரம், என்று முணுமுணுத்தது என் வாய்.
பழக்க தோஷம்.
இரண்டு தரம்.
லோர்னா திரும்பிப் பார்த்தாள்.
மூன்றாவதை விழுங்கிக்கொண்டேன்.
யாரோ பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

எனக்கு இப்போது நாற்பத்தொன்று.

திரும்பும் வழியெல்லாம் மழை.
தொகையைப் பற்றி மட்டும் பேசினேன்.
ஸ்கன்தோர்ப் தாண்டியதும் அவள் சொன்னாள்:
“முப்பத்தெட்டு. தலைகீழாகவே படித்துவிட்டேன், அவர் கோப்பில்.”
அப்புறம் வீடு வரும்வரை துடைப்பான்கள்தான் பேசின.

நீதிபதி கையெழுத்து அடுத்த மாதம்.

வியாழக்கிழமை, கால்பட்டை அளவெடுக்கப் போனோம்.
பிளாஸ்டர் தடவும் பையனுக்குக் கூச்ச சுபாவம்.
பிரையனியின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தினான்,
நாடாவை ஓட்டினான், நம்பாமல் மறுபடி ஓட்டினான்.
“ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருக்கு,
பழையது இனி ஏறாது” என்றான்.

அவள் கண்ணால் திரையைத் துழாவினாள்.
வெகுநேரம்.
கருவி சொன்னது:
சிவப்பு.
பட்டையின் நிறத்தை யாரும் இன்னும் கேட்டிருக்கவில்லை.