பதினேழு நிமிஷம்

காலை எட்டு இருபதுக்கு
சன்னாசி லாரி எடைமேடையில் ஏறி நின்றது.
செம்பனைக் குலைகளோடு
பதினான்கு டன் முந்நூற்றுப் பத்து.
சீட்டை அடித்துக் கொடுத்தேன். நகரவில்லை.
பின்னால் நின்றவன் ஆரனை அழுத்தினான்.
சன்னாசி கையை மட்டும் வெளியே நீட்டிக் காட்டினார்.

பாதைக்குக் குறுக்கே மஞ்சள்.

உரச்சாக்கு கிழிந்து
காகிதம் பறக்கிறதென்று நினைத்தேன்.
காற்றே இல்லை.
பழைய பால்மரக் காட்டிலிருந்து
இடுப்புயரத்தில் வந்து
ஆலைப் புகையைத் துளைத்துக்கொண்டு
மலைப் பக்கம் போயின,
அவசரமில்லாமல், ஆனால்
ஒன்றுகூடத் திரும்பாமல்.
புழுவுக்கு மருந்துச் செலவைக் குறைக்க
நிர்வாகம் நட்ட பூச்செடிகள்
வேலியோரம் வரிசையாய் மலர்ந்து நின்றன.
சீண்டக்கூட இல்லை.

வருஷா வருஷம் இந்த மாசத்தில் போகுமாம்.
போன வருஷம் இதே நாட்களில் நான்
ஸ்லிம் ரிவர் கிளினிக்கில்
வரிசை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு
சுவரைப் பார்த்திருந்தேன்.

காவல் சாவடியிலிருந்து ஓடி வந்த தேக் பகதூர்
தடுப்புக் கம்பத்தை இறக்கினான்.
லாரிகளுக்குத்தான்.
அவற்றுக்கு மேலேயும் வழி, கீழேயும் வழி.
"பெர்மிட் இருக்கா?" என்று
அவற்றிடம் அதட்டலாய்க் கேட்டுவிட்டு
தானே சிரித்தான்.
அவனுடையது ஜூனோடு முடிகிறது.

வெளியேறும் பக்கத்து மேடை காலியாய்க் கிடந்தது.
கழுவிவிட்ட ஈரம் இரும்புத் தகட்டில்.
பூவில் உட்காராதவை
அந்த அழுக்குத் தண்ணீரில் உட்கார்ந்தன,
நூறு, நூற்றைம்பது,
இறக்கையை மடித்து, குடித்தபடி.
திரையைப் பார்த்தேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும்
இந்த எந்திரம் எடையென்று ஒப்புக்கொள்ளாது.
ஆனாலும் பொத்தானை அழுத்தினேன்.

வண்டி எண்: காலி.
ஓட்டுநர்: காலி.
நிகர எடை: 0.
நேரம்: 8.31.

அந்தச் சீட்டைக் கோப்பில் சேர்க்கவில்லை.
மதிய உணவு டப்பாவின் மூடிக்குள்
அது மட்டும் எண்ணெய் குடித்து மஞ்சளானது.

பதினோரு மணிக்கு மேனேஜர் அழைத்தார்.
"பதினேழு நிமிஷம் ஒரு லாரிகூட இறங்கலையே?"
"மழை சார்."
அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.
லாரிப் பாதையில் செம்மண் புழுதி.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"சரி, மழைன்னு எழுதிக்க" என்றார்.

திரும்பி வரும்போது
சன்னாசி ரேடியேட்டர் கம்பிக்கு முன்னால்
குந்தி உட்கார்ந்திருந்தார்.
கையில் பழைய பல்துலக்கும் பிரஷ்.
தகரத்தில் ஒட்டிய மஞ்சளை
மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நேத்துப் பட்டதுங்க" என்றார்,
நான் கேட்காமலேயே.