ஏழாம் எண் அங்கி

டிசம்பர் கடைசி வாரம்.
குட்டாய்சி ஆஸ்பத்திரியில்
நோயாளிகள் வராத ஒரு மதியம் பார்த்து
ஈய அங்கிகளைப் படுக்கவைக்கிறோம்
மனிதர்கள் படுக்கும் அதே மேசையில்.

கவசத்தோடு பிறப்பதெல்லாம் கதையில்.
எங்களுடையது ஆணியில் தொங்குகிறது:
ஆறு கிலோ, ரப்பரும் ஈயமும்,
அக்குளில் எல்லோருடைய வேர்வையும்.

கண்ணாடிக்குப் பின்னால் நின்று
சியாலா பெடலை மிதிக்கிறாள்.
ஒன்று, முழுக் கறுப்பு. நல்லது.
இரண்டும் அப்படியே.
மூன்றின் ஓரத்தில் ஊசித்துளை.
"விதிப்படி பரவாயில்லை, குறித்துக்கொள்."

ஏழில் ஒரு நதி.

இடது இடுப்பில் தொடங்கி
கிளை பிரிந்து வளைந்து
பாலத்தின் மேலிருந்து பார்த்த ரியோனிபோல
வெளிச்சமாக.
எத்தனை மாதம் ஓடியதோ.

ஏழு, டாக்டர் டெங்கிஸுடையது.
மடிக்காதீர்கள் என்று சுவரில் எழுதியிருக்கிறது.
அவர் மடிக்கவில்லை.
நாற்காலி முதுகில் வீசினார்,
ஒவ்வொரு இதயம் முடிந்ததும்,
சிகரெட்டுக்குப் போகும் அவசரத்தில்.
அவருடைய டோசிமீட்டர்
வருடம் பூராவும் மேசை டிராயரில் கிடந்தது.
அறிக்கையில் அவருக்குப் பூஜ்யம்.
இந்த ஊரிலேயே வெயில் படாத மனிதர்.

வசந்தத்தில் அவருக்குப் புதிதாக, லேசாக ஒன்று வந்தது,
நீல நிறம், இத்தாலியிலிருந்து.
ஏழு ஆணிக்குத் திரும்பியது.

அதற்கப்புறம் யார் போட்டார்கள்?
சியாலா பேசவில்லை.
பதிவேட்டைப் புரட்டுகிறேன்.
ஏப்ரல், மே, ஜூன்,
ஒரே கையெழுத்து, முதலெழுத்தின் வால் நீண்டு.
குள்ளமானவர்களுக்கு ஏழுதான் பொருந்தும்,
மற்றதெல்லாம் கணுக்காலில் இடறும்.

படம் திரையில் நிற்கிறது.
அவள் எழுந்துபோய்
விரிசலின் நீளத்தைத்
தன் இடுப்பில் வைத்துப் பார்க்கிறாள்,
தையல்காரி அளவெடுப்பதுபோல,
ஒரு சாண், கொஞ்சம் குறைய.

"ஒன்றும் ஆகியிருக்காது" என்கிறேன்.
எண்களைப் பார்த்தால் அது உண்மையும்கூட.
அவள் பாட்ஜ் வரம்புக்குக் கீழேதான்.
பாட்ஜ் கழுத்தில் இருந்தது.
நதி இடுப்பில்.

மாவுக்கட்டு வெட்டும் கத்தரியை எடுத்து வருகிறாள்.
தோளிலிருந்து குறுக்காக,
தவறிக்கூட இனி யாரும் போடாதபடி.
ஈயம் சத்தமில்லாமல் வெட்டுப்படும்,
எனக்கு அது தெரியாது இதுவரை.

பிறகு டிராயரை இழுத்து
டெங்கிஸின் டோசிமீட்டரை எடுத்து
நீல அங்கியின் காலரில் மாட்டுகிறாள்.
ஊசி இல்லை, கிளிப்.
இன்னொரு துளை வேண்டாம்.

"எட்டைக் கொண்டு வா" என்கிறாள்.