கல் அறை

எங்களுக்குக் கிடைத்தது நிலவியல் துறையின் பழைய கிடங்கு.
மேற்கு வேல்ஸ், கடலைப் பார்த்த மேட்டில் பல்கலைக்கழகம்,
பிப்ரவரி. சன்னல் சட்டத்தில் உப்பு பூத்திருந்தது.
இழுப்பறைகளில் கல் ஒன்றுகூட இல்லை, சீட்டுகள் மட்டும்:
சிலேட்டு, குவார்ட்ஸ், 'இன்னதென்று தெரியவில்லை'.
கல்லையும் அறையையும் சேர்த்துச் சொன்னால்
என்னவாகும் என்று தெரியும்.
சொல்லவில்லை. முதல் நாள்.

'டிஜிட்டல் குழுத் தலைவர்' என்று கதவில் ஒட்டினார்கள்.
குழுவைத்தான் காணோம்.
மனிதவள அலுவலகத்தில் ஹெலெட் கேட்டாள்:
உள்ளடக்க வடிவமைப்பாளர் என்றால்
எழுத்தரா, ஓவியரா?
படிவத்தில் இரண்டுக்குத்தான் கட்டம்.
ஓவியருக்குச் சம்பளம் கொஞ்சம் கூட.
ஓவியர் என்றேன்.

முதலில் வருகிறேன் என்றவன்
கார்டிஃப் வங்கி ஒன்றுக்குப் போய்விட்டான், இரட்டிப்புச் சம்பளம்.
அவன்மேல் எனக்குக் கோபமில்லை.
ஒரு வாரம் இருந்தது.

மாப்லி வந்தாள், பேருந்து அட்டவணை எழுதிக்கொண்டிருந்தவள்;
நனைந்துகொண்டே படிப்பவர்களுக்கு எழுதிப் பழகிய கை.
இஃபேயோமா வந்தாள், பிரிஸ்டலிலிருந்து,
வாரத்தில் மூன்று நாள் எங்களோடு, மிச்சம் ரயிலோடு.
யெஸ்டின் வரவில்லை, இருந்தார்.
பத்தொன்பது வருடம் ஒற்றை ஆளாய்
இணையதளத்தைக் கட்டி மேய்த்தவர்.
கடவுச்சொற்கள் அத்தனையும் அவர் சட்டைப்பையில்,
மாட்டுத்தீவனக் கம்பெனி இனாமாய்த் தந்த டைரியில்.
"குழு என்றால் என்னை அனுப்பிவிட்டு நீங்கள்,
அதுதானே?" என்றார்,
தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி.

நாற்பத்தோராயிரம் பக்கங்கள்.
ஒரே தேர்வு ஆங்கிலத்தில் வியாழன், வெல்ஷில் செவ்வாய்.
மூடிப்போன உணவகத்தின் சூப் விலை.
ஓய்வுபெற்றவர்கள் இன்னும் வரவேற்கும் வரவேற்புரைகள்.
எதைத் தொட்டாலும் ஒரு துறை விழித்துக்கொண்டு
"அது எங்களுடையது" என்றது;
பிழையைக் காட்டினால் திரும்பிப் படுத்தது.

ஜூனில் நாலாவது மேசைக்காக
பீரோவை நகர்த்தினோம்.
பின்னால், சுவரில், ஒரு தொலைபேசி.
மணியோசையை யாரோ அடிமட்டத்துக்குக் குறைத்திருந்தார்கள்.
நான் இத்தனை மாதமும்
ஹீட்டர் என்று நினைத்திருந்த உறுமல்
அதனுடையது.
அப்போதும் உறுமியது. இஃபேயோமா எடுத்தாள்.

"பகுதிநேரப் படிப்புக்கு இன்னும் நாள் இருக்கிறதா?"
நெஸ்ட்டா. நாற்பத்தாறு வயது.
பாலாடைக்கட்டி ஆலையில் இரவு வேலை.
நான்காவது முறையாக அழைக்கிறாளாம்.
"எடுத்துவிட்டீர்களே" என்றாள்,
ஏதோ தவறு செய்துவிட்டவள் போல.

யெஸ்டின் எழுந்து நின்றார்.
"இரண்டாயிரத்து எட்டில்
சேர்க்கை அலுவலகத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள்.
இரண்டு வாரத்துக்கு என்று
இந்த எண்ணைப் போட்டேன்.
பெயின்ட் காய்ந்ததை
யாரும் எனக்குச் சொல்லவில்லை."

அதற்குமேல் யாரும் கணக்குப் போடவில்லை.
எத்தனை வருடம், எத்தனை பேர்,
உறுமி உறுமி அடங்கிய எத்தனை மாலை.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் இருந்தது அந்த எண்.
ராத்திரி பதினொன்றுவரை அவரே உட்கார்ந்து எடுத்தார்.
பிறகு டைரியைத் திறந்து மாப்லிக்கு
ஒவ்வொரு கடவுச்சொல்லாய் வாசித்தார்.
ஒன்று அவர் நாயின் பெயர்.
அதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

செப்டம்பரில் நிர்வாகக் கூட்டம்.
"ஆறு மாதத்தில் என்ன சாதித்தீர்கள், ஒரே ஸ்லைடில்?"
ஒரு தொலைபேசி இப்போது ஒலிப்பதில்லை என்றேன்.
வரைபடம் வரும் என்று
மரியாதையாய்க் காத்திருந்தார்கள்.

மறுநாள் அது ஒலித்தது.
நெஸ்ட்டா. இடம் கிடைத்துவிட்டது, இன்று முதல் வகுப்பு,
கார் எங்கே நிறுத்த வேண்டும்?
"தளத்தில் தேடிவிட்டேன்" என்றாள்.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
கார் நிறுத்தும் பக்கம் கட்டடத் துறையுடையது.
கட்டடத் துறையைக் கேட்டால் எங்களுடையதாம்.

"கிழக்கு வாசலில் நிற்கச் சொல்லு"
என்றார் யெஸ்டின்,
இழுப்பறை இழுப்பறையாய்க் குடையைத் தேடிக்கொண்டு.