ஐம்பது மீற்றர்

தீர்ப்பு இருபத்திமூன்று பக்கம்.
எங்களுக்கு விளங்கியது மூன்று வரி:
பிரதான வாயிலிலிருந்து ஐம்பது மீற்றருக்கு அப்பால்,
ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேற்படாமல்,
ஒலிபெருக்கி இன்றி, பொதுப்பாதைக்கு இடையூறு இன்றி.

"வெண்டிட்டம்" என்றார் சட்டத்தரணி குகனேந்திரன்,
கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டபடி.
"நிக்கக்கூடாது எண்டு சொல்லேல்லைத்தானே."
மேல் நீதிமன்ற வளவின் மற்றப் பக்கத்தில்
கம்பனியின் சட்டத்தரணியும்
வென்றுகொண்டிருந்தார்.

மறியல் என்றால் எங்கள் ஊரில் சிறை.
றெஜினாவின் மூத்தவன் ஒன்பது வருடம் மறியலில் இருந்தவன்.
சங்கத்தின் துண்டுப்பிரசுரத்தை வாசித்த அன்று
"மறியலுக்கு நான் வரேல்லை" என்றாள்,
"போய்ப் போய்ப் பாத்தது காணும்."
விளங்கப்படுத்த அரைமணித்தியாலம் எடுத்தது.
இது அவர்கள் எங்களை மறிப்பதல்ல அக்கா,
நாங்கள் அவர்களை.
அப்போதும் அவள் நம்பவில்லை,
ஆனால் வந்தாள்.

அன்று பின்னேரமே அளக்கப் போனோம்.
எமில்டாவின் தையல் ரேப், ஒன்றரை மீற்றர்.
குனிந்து நிமிர்ந்து முப்பத்துமூன்று தரம்,
பிறகு என் கையால் ஒரு முழம்.
ஐஸில் நண்டு உடைத்து உடைத்து
விரல் மடங்காது எனக்கு,
முழம் கொஞ்சம் கூடத்தான் வரும்.
காவலாளி கதிரையை வெளியே இழுத்துப் போட்டுப் பார்த்திருந்தான்.
நாவாந்துறைப் பெடியன்.
இருபத்தாறில் நாங்கள் பிழைவிட்டபோது
அவன்தான் திருத்தினான்.

வடக்கே அளந்தால் முதலாளியின் மைத்துனர் வளவு, முள்ளுக்கம்பி.
கிழக்கே பாதை; பாதையில் நின்றால் இடையூறு.
மேற்கே, ஐம்பதாவது மீற்றர்
கடலுக்குள் விழுந்தது.

குகனேந்திரனுக்குப் போன் எடுத்தோம்.
"வற்றிலையோ பெருக்கிலையோ எண்டு
தீர்ப்பில ஒண்டும் இல்லை" என்றார்,
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு.

வற்றில் கணுக்கால். பெருக்கில் முழங்காலுக்கு மேல்.
பரீனா சல்வாரைச் சுருட்டிக்கொண்டு முதலில் இறங்கினாள்.
மட்டை நனையாமல் தலைக்கு மேலே பிடித்தோம்:
கிலோவுக்கு அறுபது ரூபாய். கையுறை.
நிறுத்திய நால்வரையும் திருப்பி எடு.
நான்காவது வரிக்கு மட்டையில் இடம் போதவில்லை.

ஒலிபெருக்கி இல்லை.
றெஜினா பதினொரு வருடம்
சந்தையில் மீன் ஏலம் கூறியவள்.
"அறுபது!" என்றாள்,
"அறுபது ஒருதரம்!"
உள்ளே யாரோ சிரித்துவிட்டார்கள்,
மேற்பார்வையாளர் ஜன்னலை இழுத்துச் சாத்தும் சத்தமும் கேட்டது.

கால் விரலை ஏதோ கவ்வியது.
உதறவில்லை. அதற்கும் எங்கள்மேல்
வழக்கு இருக்கிறதுதானே.

ஆறு மணிக்குக் காவலாளி
பதிவுப் புத்தகத்தில் எழுதினான்:
ஆறு பேர். தண்ணிக்குள்ள. பிரச்சினை இல்லை.

ஏழாவதாக ஒரு கொக்கு நின்றது.
அதை அவன் எழுதவில்லை.