காலி இடம்

ஊதா நிறக் கம்பிவடக் கூண்டு
எல் ஆல்த்தோவிலிருந்து லா பாஸுக்கு இறங்கும் நேரத்தில்
மணிக்கட்டின் பாதியை முடித்துவிடலாம்.
படகு, பிறை, முப்பட்டை, பட்டாணி.
அதற்குள் தகரக் கூரைகள் தீர்ந்து
செங்கல் மாடிகள் வந்துவிடும்.
மிச்ச நான்கு எலும்பும் ஏறும்போது.
உருளைக்கிழங்கு மூட்டையோடு எதிரே இருந்தவர்
என் கையை நானே நசுக்குவதைப் பார்த்துவிட்டு
"வலியா?" என்றார்.
"பரீட்சை" என்றேன்.

வியாழச் சந்தையில்
பழைய டயருக்கும் கழற்றிய கதவுகளுக்கும் நடுவே
வாங்கிய புத்தகம்.
செரிமான மண்டலத்தில் யாரோ காப்பி சிந்தியிருந்தார்கள்,
இரைப்பை முதல் கணையம் வரை கறை.
கழிவு மண்டலம் அடியோடு கிழிந்திருந்தது;
இரண்டு சிறுநீரகத்தையும் நெமேசியாவிடம்
ஒரு வாரத்துக்குக் கடன் வாங்கினேன்.

அட்டவணை ஒவ்வொன்றின் கீழும்
பொடி எழுத்தில்: கடல் மட்டத்தில்.
கடலே இல்லாத நாடு எங்களுடையது.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
ரத்தத்தைக் கெட்டியாக்கிக்கொண்டு பிழைக்கிறோம்.
புத்தகக் கணக்கில்
நிறுத்தத்தில் நிற்கிற அத்தனை பேரும் நோயாளிகள்.
நோயாளிகள் ஓடிப்போய்
நகர்ந்துவிட்ட பேருந்தில் தொற்றிக்கொண்டார்கள்.

ஐமாராவில் சுய்மா என்றால் நுரையீரல்.
மனசும் அதுதான்.
துடிக்கிற தசைக்கு வேறு பெயர் உண்டு.
மூச்சுக்கே தட்டுப்பாடான ஊரில்
ஆசையைக் கொண்டுபோய்க் காற்றுப்பையில் வைத்தவர்கள்
விவரமானவர்கள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்.
செய்முறை அறையில் ஹீட்டர் ஓடவில்லை.
இருபத்தாறு பேருக்கு ஒரு ஸ்டெதஸ்கோப்.
நெமேசியா என் இடது மார்பின் கீழ்
ஐந்தாம் விலா இடுக்கைத் தடவி எண்ணி
அந்தப் பனிக்கட்டி வட்டத்தை வைத்தாள்.
நகர்த்தினாள்.
காதில் மாட்டுவதைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.
"ஜொவானா, மூச்சைப் பிடி."
பிடித்தேன்.
"விடு. நீ செத்துப்போய்விட்டாய்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
விளையாட்டுக்குத்தான்
வலப்பக்கம் வைத்தாள்.

அப்புறம் வரிசை கட்டி
இருபத்தைந்து பேரும் கேட்டார்கள்.
இருபத்தைந்து முறை குளிர்ந்தது.

கல்லீரல் இடது. மண்ணீரல் வலது.
குடல்வால்கூட எதிர்மூலையில்.
எக்ஸ்ரேக்காரர் படத்தை முன்னும் பின்னும் திருப்பி
தேதியைப் பார்த்து, என்னைப் பார்த்து,
"பத்தாயிரத்தில் ஒருத்தி" என்றார்,
லாட்டரி விழுந்தவளிடம் சொல்வதைப் போல.

அன்றிரவு புத்தகத்தைக்
குளியலறைக் கண்ணாடிக்குக் காட்டினேன்.
எழுத்தெல்லாம் குப்புற விழுந்தன.
படத்தில் இருந்தது நான்.

பள்ளிக்கூடத்துத் திங்கட்கிழமைகள் எத்தனை!
கொடி ஏறும்போது நெஞ்சில் கை என்பார்கள்.
பன்னிரண்டு வருஷம் கை வைத்தது
காலி இடத்தில்.
காலி இல்லை. நுரையீரல் இருந்தது.
சுய்மா.
அப்படியானால் சரியாகத்தான் வைத்திருக்கிறேன்.

எலியோதோரோதான் பாவம்.
என் இடது மார்பில் காதை வைத்துப் படுத்திருந்தவன்
ஒருநாள் எழுந்து உட்கார்ந்து
"உனக்குள்ளே ஒன்றுமே கேட்கவில்லை" என்றான்.
மார்ச்சில் சாந்தா க்ரூஸுக்குப் பஸ் ஏறிவிட்டான்.
ஒரு சாண் தள்ளிப் படுத்திருக்கலாம் அந்த மடையன்.
செய்தி அனுப்பலாமா என்று யோசித்தேன்.
எக்ஸ்ரே படத்தை மட்டும் அனுப்பினேன்.
பார்த்துவிட்டான். பதில் இல்லை.

பரீட்சையில் பதினான்காம் கேள்வி:
இதயம் எங்கே அமைந்துள்ளது?
வலப்பக்கம் என்று தொடங்கி
அடித்துவிட்டு
இடப்பக்கமாக என்று எழுதினேன்.
முழு மதிப்பெண்.
அடித்ததற்குக் கால் மதிப்பெண் குறைக்கலாமா என்று
சிவப்பு மை கொஞ்சம் தயங்கியிருந்தது.

இப்போது சுகாதார நிலையத்தில் நெமேசியா
யார் வந்தாலும்
இரண்டு பக்கமும் வைத்துக் கேட்கிறாள்.
வரிசை வாசல் தாண்டி நீள்கிறது.
"அங்கே என்னத்தைத் தேடுகிறாள்?" என்று
வெயிலில் நிற்பவர்கள் திட்டுகிறார்கள்.