முப்பத்து நாலில் ஐந்து

கிரானைட் முதலாளி நாலாயிரம் மாங்கன்றுக்குத்
தரவேண்டிய பாக்கி
ஒருநாள் வெள்ளைக் காராக வந்து
சந்தூர் நர்சரி வாசலில் நின்றது.
"பாதி பெட்ரோல், பாதி கரண்ட்" என்றார்.
கன்று கட்டிப் பிழைக்கிறவனுக்கு இதை விளக்கவா வேண்டும்?
ஒட்டுச்செடி என்று வாங்கிக்கொண்டேன்.

ஆறாம் வருஷம், காவேரிப்பட்டணம் தாண்டியதும்
சிவப்பு முக்கோணம் எரிந்தது.
ஏற்றத்தில் சினைமாடு போல நடந்தது வண்டி.

பெங்களூர் ஷோரூமில் கண்ணாடி மேசை, காபி.
"மெயின் பேட்டரி போயிடுச்சு சார்.
மூணு லட்சத்து எண்பதாயிரம், வரி தனி."
காரை விற்றால் எவ்வளவு போகும் என்றேன்.
கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
இன்னொரு காபி சொன்னார்.

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில்
பஞ்சர் கடைக்கும் டைல்ஸ் கடைக்கும் நடுவே ஒற்றை ஷட்டர்.
கவுசர். ஓசூரில் ஸ்கூட்டர் பேட்டரி அடுக்கும் லைனில்
நாலு வருஷம் நின்ற கை.
"தள்ளிட்டு வந்தீங்களா, ஓட்டிட்டு வந்தீங்களா?"
ஓட்டிட்டுதான்.
"அப்ப எல்லாம் சாகல."

பின்சீட்டைக் கழற்றி, ரப்பர் கையுறை மாட்டி,
ஒரு பிளக்கைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.
"ஆரஞ்சு வயர் பக்கம் வராதீங்க. பத்து நிமிஷம்."
பத்து நிமிஷமும் இருவரும் பேசவில்லை.
இருநூற்று நாற்பது வோல்ட்டுக்கு அவ்வளவு மரியாதை.

உள்ளே முப்பத்து நாலு பலகைகள்,
நெருக்கி அடுக்கிய சிலேட்டுகள் போல.
ஒவ்வொன்றிலும் ஹெட்லைட் பல்பை மாட்டி எரியவிட்டு
மீட்டர் சொன்னதைச் சாக்பீஸால் எழுதினார்.
ஏழு புள்ளி எட்டு.
ஏழு புள்ளி ஏழு.
ஏழு புள்ளி எட்டு.
பதினாறாவதில் பல்பு சிவந்து, மங்கி,
சொல்லவந்ததை மறந்தவர் முகமானது.

மொத்தம் ஐந்து. எல்லாம் நடுவில் இருந்தவை.
"நடுவுல இருக்கிறதுதான் முதல்ல வேகும்."
அந்த ஐந்துக்காக
இருபத்தொன்பதையும் சேர்த்துப் புதைக்கச் சொல்லியிருக்கிறது
கண்ணாடி மேசை.

பிறகு காற்றுக்குழாய்க்குள் கைவிட்டு
ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்:
செம்மண், நார்த்தூள், நொறுங்கிய மாவிலை.
சீட்டோரம் இருந்த மூச்சு ஜன்னலை
ஆறு வருஷம் என் கன்றுப் பைகள் மூடியிருக்கின்றன.
முகர்ந்து பார்த்தேன்.
என் மண்தான்.

மாற்று ஐந்தும் வாலாஜா பக்கம் நொறுங்கிய ஒரு காருடையவை.
ஓட்டினவருக்கு என்ன ஆச்சு?
"கால்ல பிளேட் வச்சிருக்காங்க. நடக்கிறாராம்."
ஒன்று இரண்டாயிரத்து எண்ணூறு, கூலி ஏழாயிரம்.
பேரம் பேச வாயைத் திறந்தேன்,
கையில் இன்னும் மண் இருந்தது.

பச்சை பூத்த செம்புப் பட்டைகளைப் புளி போட்டுத் தேய்த்தார்.
வந்ததையும் இருந்ததையும் பக்கம்பக்கமாக இணைத்து
இரவு முழுக்க அப்படியே விட்டார்.
"இருக்கிறது இல்லாததுக்குக் கொடுக்கும்.
காலைல எல்லாம் ஒரே மட்டம்."

சாவியைத் தரும்போது சொன்னார்:
"இது குணமில்ல, தவணை.
அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு போகும். வாங்க, பாத்துக்கலாம்."
நூற்றுக்குப் பத்து பட்டுப்போகும் என்று
நானும் கன்று வாங்குகிறவர்களிடம் சொல்வதுண்டு.
ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.
நான் போட்டுக்கொண்டேன்.

நேற்று சேலத்துக்கு நாற்பது செந்தூரா.
மூச்சு ஜன்னலில் கொசுவலைத் துண்டு,
அதை மறைக்காமல் பைகள்,
வண்டிக்குள் லேசாகப் புளிவாசம்.
லாரிகளின் பிரேக் கருகி நாறும் தொப்பூர் இறக்கத்தில்
பெடலிலிருந்து காலை எடுத்தேன்.
திரையில் கட்டங்கள் தாமாக நிறைந்தன.
நாலு. ஐந்து. ஆறு.
ஏழாவதுக்குக் காத்திருந்தபோது
இறக்கம் முடிந்துவிட்டது.